நீங்கள் விழுங்கிய மாத்திரைகள்

அக்கா,

சென்ற மாதம் மதுரையில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்திருந்தார்கள். சன்னல்களில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுச் சுவரில் படம் காட்டினார்கள். ஒரு படத்தில் அடுத்தடுத்து நெடுக்காகப் பல பத்திகள். ஒவ்வொன்றிலும் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு பத்தியும் ஒரு நோயாளியின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த காசநோய்க் கிருமியாம். கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தால் இருவருக்கும் ஒரே கிருமி. இடம் மாறி விழுந்தால் வேறு வேறு கிருமி. பாடம் எடுத்த டாக்டர் குச்சியால் இரண்டு பத்திகளைத் தொட்டார். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள், ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள். ஆனால் கோடுகள் கொஞ்சமும் பொருந்தவில்லை.

"ஒரே வீடுங்கிறதுக்காக ஒரே கிருமின்னு முடிவு கட்டிறாதீங்க" என்றார் அவர். மற்றவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். என் கை எழுதவில்லை. அந்த முடிவை நான் உங்கள் விஷயத்தில் பத்து வருஷத்துக்கு முன்பே கட்டியிருந்தேன்.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டேன், அதுவும் கடைசி மாதங்களில் அதட்டலாக. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அருப்புக்கோட்டையில் காசநோய்ப் பிரிவில் வேலை. சளியைச் சாயம் ஏற்றிப் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, வராதவர்களை வீடு தேடிப் போய் விசாரிப்பது எல்லாம் நான்தான். என்னைவிட அந்த நோயைத் தெரிந்தவன் திருச்சுழி வரைக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது உங்கள் வீட்டுக்காரருக்கு. சிவப்புக் கேப்சூல் எங்களுக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்த நேரம். அதற்கு முன் வருஷக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பார்த்த எனக்கு, ஆறே மாதத்தில் அவர் தேறியது பெரிய வெற்றியாகப் பட்டது. கன்னம் பூசி, அந்த ஐப்பசிக்கே பருத்தி விதைக்கப் போய்விட்டார். மறு வருஷம் நீங்கள் வந்தீர்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. சிகிச்சை அட்டையில், யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று எழுத ஓர் இடம் உண்டு. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் "கணவர்" என்று எழுதினேன்.

மூன்றாம் மாதம் உங்கள் சளியில் கிருமி இருந்தது. நாலாம் மாதமும் இருந்தது. நுண்ணோக்கியில் எல்லாக் கிருமியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; நீலத்தின் மேல் மெல்லிய சிவப்புக் குச்சிகள். இது எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதெல்லாம் அதில் தெரியாது. சளியை மதுரைக்கு அனுப்பி, கல்ச்சர் வைத்து வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அப்போதிருந்த டாக்டர் அனுப்பச் சொன்னார். மாத்திரையையே தின்னாத ஆளுக்குக் கல்ச்சர் எதற்கு என்று நான் அனுப்பவில்லை. அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். மூன்று மாதம் அப்படிக் கடத்தினேன், அதே மாத்திரைகளைத் தந்துகொண்டே.

பிறகு ஒருநாள் காலையில் சைக்கிளில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வாசலில் மல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் களத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேலியருகே நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒரே வீடு, ஒரே நோயி, ஒரே மாத்திர. அவுகளுக்குக் கேட்டுச்சு, உங்களுக்கு மட்டும் கேக்கலன்னா என்னம்மா அர்த்தம்? வாங்கிட்டுப் போயி எங்க கொட்டுறீங்க?"

எதையும் கொட்டவில்லை, ஒரு நாள்கூட விட்டதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பாததைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னீர்கள். "ஒன்னுக்குப் போனா செவப்பாத்தான் சார் போகுது." அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் அதைச் சொல்ல எவ்வளவு கூசியிருக்க வேண்டும். அந்தக் கேப்சூலை விழுங்கினால் சிறுநீர் சிவக்கும். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அப்படியும், நான் வருவது தெரிந்து நேற்று ஒன்று போட்டிருப்பீர்கள் என்றேன். அட்டையை எடுத்து, "மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்" என்று அங்கேயே நின்று எழுதி, உங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்தும் காட்டினேன். இப்படியே இருந்தால் பிள்ளைக்கும் ஒட்டிவிடும் என்று எச்சரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

அந்த வாரமே உங்களை நரிக்குடிக்கு அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். ஒன்பது வயது மகள் அப்பாவோடு ஊரிலேயே இருந்துவிட்டாள். இதைக் கேள்விப்பட்டபோது, பிள்ளை தப்பித்தது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

புதிதாக வந்த டாக்டர் அட்டைகளைப் புரட்டும்போது உங்களுடையதில் நின்றார். நரிக்குடிக்கு ஆள் அனுப்பிச் சளி வாங்கி, அவரே மதுரைக்கு அனுப்பினார். கிருமி வளர்ந்து முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று மருந்துக்கு அது அடங்கவில்லை. டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். பழைய ஊசிக்கும், கேப்சூலோடு நாங்கள் தந்த வெள்ளை மாத்திரைக்கும் அடங்காத கிருமி இந்த அம்மாவுக்கு வேறு யாரிடமிருந்தோ அப்படியே வந்திருக்க வேண்டும். கணவருடைய கிருமி இதுவாக இருந்தால் அவர் அவ்வளவு சீக்கிரம் தேறியிருக்க மாட்டார். மிச்சமிருந்த சிவப்புக் கேப்சூல் ஒற்றையாக நின்று போராடியிருக்கிறது. நாள்பட நாள்பட அதையும் எதிர்க்கக் கிருமி பழகிக்கொண்டது. எத்தனை மாதம் இப்படியே கொடுத்தோம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பிறந்த வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் நரிக்குடிக்கு பஸ் ஏறினேன். ஆட்டுக் கொட்டத்தை ஒட்டி உங்களுக்குத் தனியாகச் சாய்ப்பு இறக்கியிருந்தார்கள். மெலிந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றீர்கள். உங்கள் அப்பாவுக்கு ஏழு வருஷம் அந்த நோய் இருந்ததையும், தோதுப்பட்டபோது ஊசியும் வெள்ளை மாத்திரையும் போட்டு, தேவலை என்றதும் விட்டு, மறுபடி போட்டு அவர் செத்துப்போனதையும், கல்யாணம் ஆகும்வரை அவருக்குச் சளிச் சட்டி எடுத்தது நீங்கள்தான் என்பதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தக் கிருமி உடம்பில் பத்து வருஷம்கூடப் பதுங்கிக் கிடந்துவிட்டுக் கிளம்பும். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலயே சார்."

குறையாகச் சொல்லவில்லை நீங்கள். நடந்ததைச் சொன்னீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, கிருமியே வேறு என்று நான் திக்கித் திக்கிச் சொன்னேன். பிறகு ஒன்று கேட்டீர்கள். "எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் ஒழுங்காத்தான் தின்னேன்னு." சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அக்கா, நான் போனேன். அதை மறைக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பருத்திக்காட்டில் களை வெட்டும் ஆட்களோடு நின்றார். வரப்பில் நின்று பேசினோம். முடிவு வந்துவிட்டது, கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றேன். அவர் கசப்பாகத் தலையாட்டினார். "ஒழுங்காத் தின்னாம விட்டா அப்படித்தானே ஆகும். நீங்க அன்னைக்கே சொன்னீகளே சார்." அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்துக் காட்டிய வாயால், நான் எழுதியது தப்பு என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உங்களை மதுரைப் பக்கம் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேறு மருந்துகள், வேறு ஊசி. ஒரு மாதம் சளி சுத்தமாக இருந்தது. பிறகு திரும்பவும் வந்தது. ஊசியால் காதில் இரைச்சல், கடைசியில் காது மந்தமாகிவிட்டது. நான் பார்க்க வந்த ஒரே முறை, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேனா என்று கேட்டீர்கள். தலையை ஆட்டினேன். உங்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உங்களை ஒருமுறையாவது பார்க்க வந்திருப்பாரோ என்னவோ.

ஒரு கிருமி ஏன் ஒருவரிடம் சீக்கிரம் அடங்குகிறது, இன்னொரு கிருமி ஏன் ஆளையே சாய்க்கிறது என்பது முழுக்கத் தங்களுக்கும் பிடிபடவில்லை என்று பயிற்சியில் அந்த டாக்டரே ஒப்புக்கொண்டார். கிருமியின் வகையும் காரணம், ஆளின் உடம்பும் காரணம், மற்றதும் காரணம் என்றார். அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. உங்களைக் கிருமி மட்டும் தோற்கடிக்கவில்லை.

பயிற்சி முடிந்த வாரம் உங்கள் ஊருக்குப் போனேன். உங்கள் வீட்டுக்காரர் நாலு வருஷத்துக்கு முன்பே மாரடைப்பில் இறந்துவிட்டாராம். மகளைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். தேடிப் போனேன். இடுப்பில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொல்லி, அட்டையில் எழுதியது முதல் வரப்பில் சொல்லாமல் விட்டது வரை, எதையும் குறைக்காமல் சொன்னேன்.

அவள் அழுவாள் அல்லது வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"தெனமும் நான்தான் சார் தண்ணி மோந்து குடுப்பேன். அம்மா என் கண்ணு முன்னாடிதான் முழுங்கும். அப்பாட்ட சொன்னேன். சின்னப்புள்ள, உனக்கு என்ன தெரியும்னாக. எல்லாரும் அப்படியே சொல்லவும், நான்தான் ஏதோ கனாக் கண்டுட்டேன் போலன்னு இருந்துட்டேன். என்னைய விட்டுட்டுப் போகத்தான் அம்மா மாத்திரைய வீசுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு என்னை நேராகப் பார்த்து, "அப்ப நான் பாத்தது நெசந்தானே சார்?" என்று கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

நான் பறித்தது உங்கள் நல்ல பெயரை மட்டும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன் அக்கா. ஒரு சின்னப்பிள்ளை கண்ணால் பார்த்ததையும் பறித்திருக்கிறேன். பஸ்ஸில் போனாலும், நுண்ணோக்கியில் சளியைக் குனிந்து பார்த்தாலும், அவள் இரண்டாம் தடவை சொல்லச் சொன்ன குரல்தான் கேட்கிறது. அதோடுதான் இருக்கிறேன்.