பாஸ்போர்ட் வரட்டும்

ஜியாயி, தைவான்
மார்ச் 3

யா-தூங் அவர்களுக்கு,

என் கையெழுத்து உங்களுக்குப் புதிது. என் பெயர் சாய் லியேன்-ஹுவா. ஜியாயி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் வான்கோழிச் சோற்றுக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா காவோ திங்-கூனை மே இருபதாம் தேதி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள் நான்தான். இதை அவர் போனில் சொன்னதும் நீங்கள் போனை வைத்துவிட்டீர்களாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நானாக இருந்தால் போனைப் போட்டு உடைத்தே இருப்பேன்.

நானே உங்களைப் போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நான் யாரோடு பேசினாலும் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். மலை ரயில் ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை இல்லை. அதனால்தான் கடிதம்.

கேட்க வந்தது இதுதான். கல்யாணத்துக்கு மகள் வருவாளா என்றால், "பாஸ்போர்ட் வரட்டும்" என்கிறார்.

"நம்ம ஊர்ப் பச்சைப் பாஸ்போர்ட்ட அவ போன வருஷம்தானே புதுசாக்கினா? நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"அது இருக்கு. கனடா பாஸ்போர்ட்தான் இல்ல."

"அவ கனடாவுக்கா போறா? இங்கதானே வரா?"

"அதான் எனக்கும் புரியல" என்று சோற்றில் இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றிக்கொண்டார்.

எனக்கு ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட். அதையும் ஜப்பானுக்கு ஒரு சுற்றுலா போகத்தான் எடுத்தேன். இரண்டு நாடு உள்ளவர்களுக்குப் பயணம் இரண்டு மடங்கு சுலபம் என்று நினைத்திருந்தேன். தப்பா? முடிந்தால் விளக்குங்கள். வர விருப்பம் இல்லை என்றால் அதையும் எழுதலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
சாய் லியேன்-ஹுவா

வான்கூவர், கனடா
மார்ச் 17

மதிப்பிற்குரிய திருமதி சாய்,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

பச்சைப் பாஸ்போர்ட்டைக் காட்டி நான் தைவானுக்கு வந்துவிடலாம். சிக்கல் திரும்புவதில்தான். கனடாவுக்கு வரும் விமானத்தில் ஏறும் முன்பே கவுன்டரில் காகிதம் கேட்பார்கள். மற்ற தைவான்காரர்கள் கணினியில் ஒரு அனுமதி வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். நான் அதையே கேட்டால், "நீ கனடாக் குடிமகள், உனக்கு இது கிடையாது, உன் பாஸ்போர்ட்டைக் கொண்டு வா" என்கிறது. வெளியாள் என்றால் விடுவார்கள். வீட்டு ஆள் என்பதால் விடமாட்டார்கள். இது எனக்கே விளங்க நாளாயிற்று.

கனடாப் பாஸ்போர்ட்டுக்கு ஜனவரியில் விண்ணப்பித்தேன். படத்தில் காதோரம் நிழல் விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு படம் எடுத்து அனுப்பினேன். விவாகரத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயருக்கு மாறியதால் இப்போது பெயரில் சந்தேகம். கணவர் வீட்டுப் பெயரில் இருந்தவளும் நானும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சில நாட்களில் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே வந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும்.

எனக்காக எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

காவோ யா-தூங்

ஜியாயி
ஏப்ரல் 8

அன்புள்ள யா-தூங்,

'நீங்கள்' என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. 'நீ' என்கிறேன், பொறுத்துக்கொள்.

கல்லறைகளைத் துடைத்து முன்னோருக்குப் படைக்கும் நாளில் அவர் உன் அம்மாவின் கல்லறைக்குப் போனார். நான் போகவில்லை. அந்த உரிமை எனக்கு இன்னும் வரவில்லை. சோறு மட்டும் கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் உட்காருவதற்கு முன்பே, "மே இருபது வேணாம். யா-தூங்குக்குப் பாஸ்போர்ட் வரட்டும், அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்" என்றார்.

என் அக்கா கடையில் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் தலை மறைந்ததும், "மக பேரைச் சொல்லி நழுவுறாருடி. மலை ரயில் ஓட்டின ஆளு. அது ஏறுற மாதிரியே ஏறி, பாதியில நின்னு பின்னாடி போகும், பாத்திருக்கேல்ல?" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அடுத்து வந்தவருக்குச் சோறு வைக்காமல் சூப்பை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

இன்னொன்று. விமான டிக்கெட் போடும் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மதியம் சாப்பிட வருவாள். அவளிடம் உன் கதையைச் சொன்னேன். "அதுக்கு வழி இருக்கே அத்தை! ரெண்டு நாட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு அனுமதி தராங்க. டிக்கெட் போட்டுட்டு, கிளம்பக் கொஞ்ச நாள் இருக்கறப்ப கேக்கணும். பாஸ்போர்ட் வராட்டியும் ஒரு தடவை உள்ள விடுவாங்க. அவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்றாள்.

தெரியாமலா இருக்கும், யா-தூங்? அவர் நழுவுகிறாரா, நீ நழுவுகிறாயா, இல்லை நான்தான் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா? தலை சுற்றுகிறது. எதுவானாலும் எழுது. அந்த அனுமதியைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
லியேன்-ஹுவா

வான்கூவர்
ஏப்ரல் 22

லியேன்-ஹுவா அத்தைக்கு,

தெரியும். ஜனவரியிலேயே படித்தேன். படித்துவிட்டுக் கணினியை மூடிவிட்டேன்.

அம்மா போன பிறகு, அப்பாவை என்னோடு வந்து இருந்துவிடச் சொன்னேன். "என் பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சும்மா, புதுசு வரட்டும்" என்றார். நம்பினேன். மாடியறைக்கு வெள்ளையடித்தேன். அவர் உயரத்துக்கு ஏற்ற கட்டிலைத் தேடி அலைந்து வாங்கினேன். மூன்று வருடமாக எப்போது கேட்டாலும் அதே பதில். பிறகு திடீரென்று ஒரு நாள் உங்கள் பெயரைச் சொன்னார்.

அதனால் அவர் எனக்குச் சொன்னதையே நானும் அவருக்குச் சொன்னேன். பாஸ்போர்ட் வரட்டும். என் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அவர் கல்யாணத்தைத் தள்ளிவைப்பார் என்று நினைக்கவில்லை. உங்களை நோகடிக்கவும் நினைக்கவில்லை. சொல்லப்போனால் உங்களை நான் நினைக்கவே இல்லை. வர ஆசையா, இல்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? உங்கள் கடையில் வந்து உட்கார வேண்டும் போல இருக்கிறது. அம்மாவின் நாற்காலியில் உங்களைப் பார்க்க முடியாது போலவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆளுக்கு.

யா-தூங்

ஜியாயி
மே 9

அன்புள்ள யா-தூங்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை அரைநாளோடு மூடினேன். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"டிரைவரே, உங்க பாஸ்போர்ட் எங்க?"

"இப்ப எதுக்கு?"

"கேட்டா காட்டணும். என்னைப் போலீஸ்னு வச்சுக்குங்க."

முனகிக்கொண்டே அலமாரியைத் திறந்து, பனியன்களுக்கு அடியிலிருந்து எடுத்தார். புதுப் பாஸ்போர்ட், யா-தூங். உன் அம்மா போன அடுத்த வருடமே எடுத்தது. ஒரு முத்திரைகூட அதில் விழவில்லை.

"அப்ப ஏன் போகல?"

கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்தபடி சொன்னார்: "போனா அவ அழுவா. அழுதா நான் அங்கயே இருந்துடுவேன். இருந்துட்டா உன்ன விட்டுடுவேன்."

"சரி, கல்யாணத்த ஏன் தள்ளி வச்சீங்க?"

"பண்ணிக்கிட்டா அவள விட்டுட்ட மாதிரி ஆயிடுமே."

இந்த மனிதரை அறைவதா, அணைத்துக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்த டிக்கெட் பெண்ணிடம் சொல்லி அவருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரே நாட்டுக்காரர் பார், அவருக்குக் கனடா அனுமதி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வந்துவிட்டது. மாதக் கடைசியில் உன் ஊரில் இறங்குவார். தேதியை அவரே போனில் சொல்வார்.

போகப் பயந்துகொண்டு இங்கே கிடக்கிறவர் எனக்கு வேண்டாம். போய்விட்டு, தானாகத் திரும்பி வந்தால் வேண்டும். உனக்கு அழ வேண்டும் போல இருந்தால் அழு. எனக்காக அடக்காதே.

காலையில் அவருக்குக் கஞ்சிதான். ரொட்டி ஆகாது.

லியேன்-ஹுவா அத்தை

வான்கூவர்
ஜூன் 29

அன்புள்ள அத்தை,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

விமான நிலையத்தில் நான் அழவில்லை. அவர்தான் அழுதார்.

மாடியறையில் இருக்கிறார். பின்பக்கம் பீன்ஸ் போட்டிருக்கிறார். பூங்காவில் சதுரங்கம் ஆட நாலு கிழவர்கள் கிடைத்திருக்கிறார்கள். ரொட்டியும் சாப்பிடுகிறார். முதல் வாரம் முழுக்க உங்கள் பேச்சுதான். அப்புறம் மெல்லக் குறைந்துவிட்டது. திரும்புகிற தேதி நெருங்கியபோது அதைச் செப்டம்பருக்கு மாற்றினார்.

நேற்றுக் கேட்டேன். "அப்பா, அத்தைக்கு என்ன சொல்ல?"

"வரேன்னு சொல்லு."

"எப்போன்னு கேப்பாங்க."

"பீன்ஸ் காய்க்கட்டுமே."

"இத நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதுங்க."

உறையை எடுத்து, உங்கள் பெயரையும் விலாசத்தையும் அழகாக எழுதினார். உள்ளே வைக்க ஒன்றும் எழுதாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அந்த உறையில்தான் இதை அனுப்புகிறேன்.

மூன்று வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேனா என்று தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அத்தை. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கேயே இருந்துவிடுகிறார். அம்மாவோடும் அப்படித்தான் இருந்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. டிக்கெட் போடும்போதே உங்களுக்கு இது தெரியுமா?

என் பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆகஸ்டில் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஜியாயிக்கு வருகிறேன், தனியாக. அங்கே இப்போது எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. உங்கள் கடைக்கு எந்த முறையில் வருவது என்றுதான் குழப்பம். மகளாகவும் ஆகவில்லை, விருந்தாளியாக யாரும் அழைக்கவும் இல்லை. வர வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

யா-தூங்

ஜியாயி
ஜூலை 14

அன்புள்ள யா-தூங்,

கடைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும் வா. சாப்பிட வருகிறவர்களிடம் எந்த முறை என்று நான் கேட்பதில்லை. பூட்டிய வீட்டில் போய்ப் படுக்காதே. என் மாடியில் இடம் இருக்கிறது. மின்விசிறி மட்டும் கொஞ்சம் சத்தம் போடும்.

டிக்கெட் போடும்போதே தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். பாதி தெரியும். மீதிப் பாதிக்காகத்தான் போட்டேன்.

உறையில் உன் அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே போய்ப் பிரித்தேன். வெளியே வந்து அடுத்த தட்டைப் போட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அக்கா தினமும் ஒரு தடவை சொல்கிறாள். சொல்லட்டும்.

அவருடைய கம்பளிச் சட்டைகள் இரண்டு என் வீட்டில் கிடக்கின்றன. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் சீக்கிரம் குளிர் வந்துவிடுமாமே. பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வா.

லியேன்-ஹுவா அத்தை