தீ காணாத விதை

திருவும் திறலும் ஓங்குக. கருங்கோட்டு நாடு உடையவரும், ஒன்பது குன்றுக்கும் ஒரு குடை கவித்தவரும், பொன்னிணர்ப் பூமுடி சூடியவருமாகிய பெருங்கோமகள் வேள்நங்கையார் திருவடிகளுக்கு, நெடுமணல் நாட்டு அரண்மனையில் விதைச்சத்தியத் தூதனாக இருந்துவரும் அடியேன் எயினன் கொற்றன் ஏழு முறை வணங்கி எழுதிக்கொள்ளும் ஓலை. தங்கள் குன்றுகளில் மழை தவறாது பொழிக. தங்கள் குடிகளின் வாசல்களில் பூ மாறாது மலர்க. இவ்வோலை தங்கள் கைக்கு வந்து சேரும்வரை தங்கள் வாள் உறையிலேயே கிடக்க. கடைசி வாழ்த்து வழக்கத்துக்காக எழுதியதன்று.

முத்துக் கோத்தாற்போல் எழுதுகிறவன் என்று தங்கள் அவையில் பெயர் வாங்கியவன் நான். இன்று எழுத்தாணி என் பேச்சைக் கேட்கவில்லை; இரண்டு ஓலைகளைக் கிழித்துவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தேவி. அதை அழகான சொல்லால் போர்த்தி எழுத இப்போது தெம்பில்லை.

தாங்கள் அறிந்ததே ஆயினும் ஆவண முறைப்படி முதலில் நடந்ததைச் சொல்லுகிறேன். பன்னிரண்டு ஆண்டுப் போரை நிறுத்தத் தாங்களும் நெடுமணல் வேந்தர் நித்திலக்கோவும் முன்னோர் முறைப்படி விதைச்சத்தியம் செய்துகொண்டீர்கள். நம் மலையின் பொன்னிணர்ச் செடியின் விதை இங்கே வந்தது. இவர்கள் கரையின் வெண்முத்திப் பூவின் விதை அங்கே வந்தது. இரண்டும் ஒரே நாளில் விதைக்கப்பட்டன. ஒரு மண்டலத்துக்குள், அதாவது நாற்பத்தெட்டு நாளுக்குள், முளை கண்டால் சமாதானம். முளைக்காவிட்டால் அனுப்பியவர் வறுத்த விதையை அனுப்பி வஞ்சித்தார் என்று பொருள். விதையோடு வந்த தூதனின் தலை அன்றே விழும், மறுநாள் படை புறப்படும்.

இன்று முப்பத்தெட்டாம் நாள். அரசவை முற்றத்தில் நம் பொன்னிணருக்கென்று பாத்தி கட்டி, நான்கு பக்கமும் வேலோடு நான்கு வீரரை நிறுத்தியிருக்கிறார்கள். காலையும் மாலையும் பொற்குடத்தில் நீர் வார்க்கிறார்கள். அந்தப் பாத்தியில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. முதல் பத்து நாள் என்னோடு சிரித்துப் பேசிய அமைச்சர்கள் இருபதாம் நாளிலிருந்து தலையை மட்டும் அசைத்தார்கள். முப்பதாம் நாளிலிருந்து அதுவும் இல்லை. எனக்குச் சோறு கொண்டுவருகிறவர் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்க்கிறார்.

இனி எழுதப்போவது குற்றம். ஆயினும் எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் நான் தங்களையே சந்தேகித்தேன். போரைத் தொடங்க ஒரு சாக்கு வேண்டி, வறுத்த விதையைப் பேழையில் போட்டு, அதன்மேல் என்னையும் ஏற்றி அனுப்பிவிட்டீர்களோ என்று நினைத்தேன். பேழையின் சத்திய ஓலையில் “இவை தீ காணாத விதைகள்” என்று தாங்களே எழுதி இலச்சினை இட்டதை நேரில் பார்த்தவன்தான் நான். பார்த்தும் நினைத்தேன். அவ்வளவு பயம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் இந்த அரண்மனைப் பூந்தோட்டத்தின் தலைவி அல்லியம்மை. நாற்பது வயது இருக்கும். யாருக்கும் பணிந்து பேசத் தெரியாதவர். நகத்துக்குள் எப்போதும் மண். இங்கிருந்து தங்களுக்கு வந்த வெண்முத்தி விதையைத் தம் கையாலேயே பொறுக்கி எடுத்தவர் அவர். நேற்று என்னைத் தோட்டத்துக்கு அழைத்து, நீர் நிறைந்த ஒரு கிண்ணத்தைக் காட்டினார். அதில் நம் விதை ஒன்று ஊறிக் கிடந்தது. பேழைத் துணியின் மடிப்பில் நான்கு விதைகள் ஒட்டியிருந்தனவாம், எடுத்து வைத்துக்கொண்டாராம். ஏழு நாள் ஊறியும் அந்த விதை கொஞ்சமும் உப்பவில்லை, கூழாங்கல்லாகவே கிடந்தது. அதைக் கல்லில் உரசி, கத்தி முனையால் பிளந்து காட்டினார். உள்ளே பச்சை இருந்தது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“பாத்தீங்களாய்யா, இது செத்த விதையில்ல. தோலு இறுகிப் போயி உள்ள உசிரோடதான் கெடக்கு. தண்ணி உள்ள போனாத்தான முளைக்கும்? எங்க கொன்றை விதையும் இப்படித்தான் அழிச்சாட்டியம் பண்ணும். கொதிதண்ணி ஊத்துனாத்தான் வழிக்கு வரும்.”

பிறகு ஒரு மண்தொட்டியின் மேல் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினார். மிச்ச மூன்று விதைகளுக்குக் கொதிநீர் வார்த்து அதில் விதைத்திருந்தார். ஐந்தாம் நாளில் இரண்டு முளைத்திருந்தன. வெள்ளைத் தண்டு வளைந்து, தலையில் விதைத்தோலைச் சுமந்துகொண்டு நின்றன. நான் அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் நாட்டில் பூ விதைப்பது என்றாலே முதலில் சரிவில் காய்ந்த புல்லைப் பரப்பி எரிப்பார்கள். சிறுவயது முதல் அதைப் பார்த்திருக்கிறேன்; குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். பூவைச் சூடத் தெரிந்தவனுக்கு அது எப்படிப் பிறக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சூட்டில்தான் பொன்னிணர் விதையின் தோல் வெடிக்கிறது. மலையில் எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஆகவே பேழையோடு அந்த ஒரு சொல் வரவில்லை. வஞ்சகத்துக்கு அடையாளம் என்று நாம் சத்தியம் செய்த தீயே நம் விதைக்குச் சாவி என்பதை, விதையை அனுப்பிய நாம் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நேற்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன். இன்று காலை தங்கள் ஓலை வந்தது.

வெண்முத்தி விதை அங்கும் முளைக்கவில்லை என்றும், நெடுமணலார் வஞ்சித்தார்கள் என்றும், மண்டலம் முடிந்த அன்றே அவர்கள் தூதர் துறைச்சாத்தனாரின் தலை விழும் என்றும் எழுதியிருந்தீர்கள். கொலைக்களம் மெழுகச் சொல்லியாயிற்று என்றும் இருந்தது. நம் தோட்டக்காரர் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதற்குச் சான்றாக அவர்கள் செய்ததையும் வரிசையாக எழுதியிருந்தீர்கள்: பாத்தியில் விதையைத் தூவினார்கள், மேலே ஒரு விரல் மண் மூடினார்கள், அதன்மேல் புல் பரப்பி, வழக்கப்படி எரித்தார்கள்.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகு தோட்டத்துக்கு ஓடி அல்லியம்மைக்குப் படித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“எங்க விதை தூசி மாதிரிய்யா. மண்ணே போடக்கூடாது. மேலாப்புல தூவி, ஈரத்துணியப் போத்தி விடணும், அவ்வளவுதான். அதுக்குப் போயி தீ வச்சாங்களா? நான் பொறுக்கிக் குடுத்த விதைய்யா அது. நல்ல விதைய்யா.”

சொல்லிவிட்டு ஒரு சிமிழை எடுத்து, மிச்சமிருந்த வெண்முத்தி விதையை அதில் நிரப்பத் தொடங்கினார்.

தேவி, நெடுமணலார் நம்மை வஞ்சிக்கவில்லை. அவர்கள் விதையை நாமே வறுத்துவிட்டோம். துறைச்சாத்தனார் நம்மால் சாகப்போகிறார். எல்லைக்கல்லில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்தபோது, மலைக்குளிர் எப்படி இருக்கும் என்று அந்தக் கிழவர் என்னிடம் கேட்டார். என் கம்பளியைக் கொடுத்தேன். வெயிலுக்கு ஆகும் என்று தம் ஓலைக்குடையை எனக்குத் தந்தார். அந்தக் குடை இப்போது இந்த அறை மூலையில் சாத்தியிருக்கிறது. அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து எழுதுகிறேன்.

நாளைக் காலை அல்லியம்மையும் நானும் அந்தத் தொட்டியோடு நித்திலக்கோ முன் செல்கிறோம். பாத்தியில் கொதிநீர் வார்க்க அனுமதி கேட்போம். அவர் நம்புவாரா, தெரியாது. தொட்டியில் இருப்பது பேழை விதைதான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. சத்திய விதைக்குச் சூடு காட்டியவரின் கையை வெட்டுவது இவர்கள் சட்டம். அதையும் அல்லியம்மைக்கு நினைவூட்டினேன். இந்தக் கை போனாலும் வாய் இருக்கிறது, தோட்டத்தை அதட்டியே வளர்த்துவிடுவேன் என்றார். சிரித்தார்.

அவை முடிவு தெரியும்வரை இவ்வோலை காத்திருக்க இயலாது. மலை ஏற ஏழு நாள் ஆகும். இன்றே புறப்பட்டால் நாற்பத்தைந்தாம் நாள் தங்களைச் சேரும். அங்கிருந்து இறங்க ஆறு நாள். தங்கள் மறுமொழி எனக்கு வருவதற்குள் மண்டலம் முடிந்துவிடும். ஆகவே இந்த ஓலையால் பிழைக்கக்கூடியவர் ஒருவர்தான். அது நானல்ல.

விதைச்சத்தியத்துக்குப் போகும் தூதனுக்கு, அவன் உயிருக்கு ஈடாக, அரசரும் மீறலாகாத ஒரே ஒரு கட்டளையை இடும் உரிமை தருவது நம் முறை. அதற்கு அடையாளமான மோதிரத்தைத் தாங்கள் எனக்கு அணிவித்தபோது, மனைவி மக்களுக்காக வைத்துக்கொள் என்றீர்கள். அவர்களைத் தாங்கள் கைவிட மாட்டீர்கள் என்று நம்பி, அதை இங்கே செலவிடுகிறேன்.

கருங்கோட்டு மூவிதழ் இலச்சினை மோதிரத்தால் இடப்படும் கட்டளை. நெடுமணல் தூதர் துறைச்சாத்தனாரை இவ்வோலை கண்ட பொழுதே கட்டு நீக்கி, அவையோர் முன் நம் பிழையைச் சொல்லி, என் கம்பளியைப் போர்த்தி, பல்லக்கில் ஏற்றி மலையிறக்கி அனுப்புக. இத்துடன் வரும் சிமிழில் அல்லியம்மை தந்த வெண்முத்தி விதை இருக்கிறது. மண் மூடாமல், தீ காட்டாமல், ஈரத்துணி போர்த்தி வளர்க்க. குன்றும் கடலும் உள்ளவரை இக்கட்டளை மாறாது நிற்க. எயினன் கொற்றன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டுவர ஆளனுப்பிவிட்டு, அதுவரை அந்தக் கிழவரை நிறுத்தி வைக்க வேண்டாம்.