விளக்கின் மேல் ஒட்டிய டேப்

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வண்டிப் பட்டறையில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒத்தாசைக்கு வரும் உங்கள் தம்பி ஒரு நட்டை முடுக்குவதற்குள் இரண்டு டீ குடித்துவிடுகிறார்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மலை முகாமில் எல்லா வண்டியும் சேற்றில் மாட்டிக்கொள்ள, உங்கள் ஜீப் மட்டும் பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் லாக்கைப் போட்டு ஏறி வந்த கதை பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றினால் ஏறத்தான் செய்யும். அடுத்த பக்கத்தைத்தான் மூன்று தடவை திருப்பிப் படித்தேன். தார்ச்சாலைக்கு வந்த பிறகும் ஸ்டீயரிங் கனக்கிறதாம், வளைவில் டயர் கீச்சிடுகிறதாம். போதாததற்கு, லாக் பிடித்திருப்பதைக் காட்டும் விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அதன் மேல் டேப் ஒட்டியிருக்கிறீர்கள்! அண்ணன் ஸ்விட்சை ஆஃப் பண்ணாம இருப்பாரா, சும்மா பயப்படாதீங்க அண்ணி என்கிறார் தம்பி.

ஆஃப் செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் லாக் உடனே விட்டுவிடாது, உள்ளே கியர் பல் இறுக்கிப் பிடித்திருக்கும். வண்டியை நேராக முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தினால்தான் விடும். விட்டதா இல்லையா என்று சொல்ல அந்த விளக்கு ஒன்றுதான் உண்டு. அதன் வாயைத்தான் பொத்திவிட்டீர்கள்.

வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். லாக் விடாவிட்டால் ஓட முடியாது. நீங்கள் திருப்பத் திருப்ப வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஈர மலைச் சாலையில் இறங்கப் போகிறீர்கள். முகாம் போனை யாரும் எடுக்கவில்லை. முகாமுக்குச் சாமான் கொண்டுபோகும் லாரி அண்ணனிடம் இதைக் கொடுத்து, எங்கும் நிற்காமல் போகச் சொல்லிக் கெஞ்சினேன். மொத வேலையா உங்க வீட்டுக்காரர் கையிலதான் குடுப்பேன்மா என்றார். அவர் நல்லபடியாக ஏறிவிட வேண்டும்.

படித்த கையோடு டேப்பைப் பிய்த்தெறியுங்கள். விளக்கு அணையாமல் ஒரு வளைவுகூடத் திரும்பாதீர்கள். பொண்டாட்டி பேச்சைக் கேட்கிறான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லாக்கே வேண்டாம் என்று சேற்றில் மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, நானே வந்து கயிறு கட்டி இழுக்கிறேன். பள்ளத்திலிருந்து இழுக்க என்னால் ஆகாது.

எவ்வளவு தாமதமானாலும் முழுசாக வந்து சேருங்கள்.

வாசலையே பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா