கலங்கின தண்ணீருக்குப் பொன் கரண்டி

என் ராசா அன்ரன்,

மாதாவின் காலடியில் நீ சுகமாய் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு சின்னம்மா எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மற்ற ஆக்களும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன்னைப் பற்றிக் கதைத்தவர்கள் ஒளித்துக் கதைக்கவில்லை. பாரிசில் எங்கள் ஆக்கள் கூடுகிற லா சப்பல் கடை வாசலில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு கதைத்தார்கள். அப்போ மறுமொழியும் நாலு பேர் கேட்கத்தானே வரவேண்டும்?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ரூ லூயி-பிளாங்கில் இன்னொரு கடை திறந்திருக்கிறார்கள், முருங்கைக்காய் வருகிறது, வந்த அன்றே முடிந்தும் விடுகிறது. சித்தப்பா ஒபர்வில்லியே தையல் பட்டறையில் இன்னும் இஸ்திரிப் பெட்டியோடுதான். என் மகள் மெற்றில்டா நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் மறுமொழி சொல்கிறாள், நீ இருந்தால் காதைத் திருகியிருப்பாய். உன் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. அதை மடித்து வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

உன்னை அறியாத ஆக்களுக்காக ஒரு சொல். நீ என் அக்காவின் ஒரே மகன். கடற்கரையில் பிறந்து, நடக்கப் பழகுகிற வயதிலேயே நீந்தப் பழகினவன். ஊரில் பிரச்சினை முற்றின பிறகு பாரிசுக்கு வந்து ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினாய். அங்கே சமையல்காரர் மிசியே றெனே. ஓவேர்ன் பக்கத்து மலைநாட்டு ஆள். உனக்குப் பிரெஞ்சு வராது, அவருக்குத் தமிழ் வராது, ஆனால் இரண்டு பேருக்கும் மீன்பிடி வரும். அது உங்களுக்குப் போதுமாய் இருந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, "சின்னம்மா, றெனே எனக்குக் கொஞ்சக் கரண்டி தந்தவர்" என்றாய். மனுசன் வீட்டுச் சாமான் தந்திருக்கிறார், நல்ல மனம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ மேசையில் கொட்டின பிறகுதான் கண்டேன், எல்லாம் தூண்டில் முள் வைத்த தகடு. தண்ணீருக்குள் சுழன்று சின்ன மீன் போலப் பாசாங்கு பண்ணுமாம். பிரெஞ்சுக்காரர் அதையும் கரண்டி என்றுதான் சொல்வார்களாம்.

எங்கள் ஆக்கள் தூண்டிலில் இறாலைக் கொழுவுவார்கள், கணவாய்த் துண்டைக் கொழுவுவார்கள். தின்ன வருகிற மீனுக்குத் தின்ன ஏதாவது இருக்கும். வெறும் தகட்டைக் காட்டி ஏமாற்றுவது என்ன நியாயம் என்று கேட்டேன். "அதை நான் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுறன், நீங்கள் கறியைப் பாருங்கோ" என்றாய்.

கறி அடிப்பிடிக்கும்வரை எனக்குப் பாடம் எடுத்தாயே, நினைவிருக்கிறதா? மலை ஆறு தெளிவாய், குறைவாய் ஓடினால் சின்னக் கரண்டி, மங்கின செம்பு நிறம். வெயில் மறைந்தால் வெள்ளி. ஆழக் குழியில் மரத்தால் செய்த சின்ன மீன். கல்லுக்குக் கீழே ஒளித்திருக்கிற பெரிய மீனுக்கு, சிங்க இறால் மாதிரி ஒரு மண்ணிறப் பொம்மை. அது றெனேயின் மச்சான் கனடாவிலிருந்து அனுப்பினது. அங்கே மலை ஆறுகளில் சின்னவாய்ப் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறதாம், இது அந்த மீனுக்கென்றே செய்ததாம், இங்கத்தை ஆற்று மீனும் அதற்கு ஏமாறுமாம். ஒரு மீனுக்குச் சின்னவாய் என்று பேர் வைப்பார்களோ என்று கேட்டேன். "ஓம் சின்னம்மா, உங்களுக்கு நேரெதிர்" என்றாய். சித்தப்பாவுக்குச் சிரித்த சிரிப்பில் புரைக்கேறினது.

கடைசியாய் எடுத்தது பெரிய பொன் கரண்டி, சிவப்புப் பொட்டுகளோடு. "இது தண்ணி கலங்கினால் போடுறது. கலங்கினால் மீனுக்குக் கண் தெரியாது. பொன் எண்டால் மினுங்கும், பெரிசு எண்டால் அதிரும். அந்த அதிர்வுக்கு வரும்." மீனுக்கும் நகை போட்டுக் காட்டவேண்டியிருக்கிறதே என்று நான் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காதே.

பிறகு உன் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. திரும்பக் கேட்டதும் மறுக்கப்பட்டது. நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஓகஸ்ட் விடுமுறைக்கு ரெஸ்ரோறன்ரைப் பூட்டினபோது றெனே, இவனுக்குக் கொஞ்சம் காற்றுப் படட்டும் என்று தன் ஊருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று சிலுவை போட்டுவிட்டேன். நீயும் தலையைக் குனிந்து காட்டினாய்.

ஒரு நாள் றெனேயிடமிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தது மெற்றில்டா. கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு பல வருசத்துக்குப் பிறகு என்னோடு நல்ல தமிழில் கதைத்தாள். "அம்மா, அண்ணை ஆத்தோடை போயிட்டார்" என்றாள்.

பாலத்துக்குக் கீழே உன்னை எடுத்து, ஆஸ்பத்திரியில் வைத்துக் காட்டினார்கள். அந்த ஊர்க் கோயிலடியிலேயே அடக்கம் செய்தோம். சின்னக் கோயில், கருங்கல்லில் கட்டினது. மண் போடும்போது எனக்குத் தெரிந்த ஒரு முகமும் சுற்றி இல்லை, சித்தப்பாவும் மெற்றில்டாவும் றெனேயும் தவிர.

திரும்பி வந்தால் இங்கே கதை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. உன்னோடு ஒரே அறையில் இருந்த செல்வம் அழுதழுது ஒன்று சொல்லியிருக்கிறான். மறுப்பு வந்த அன்று நீ "இனி எல்லாம் முடிஞ்சுது" என்றாயாம். அவன் துக்கத்தில் சொன்னான். கேட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை எங்கள் வீடுகளில் செபமாலை நடத்துகிற பிலோமினாக்கா கடை வாசலில் என்னை மறித்தார். "கடலிலை நீந்தினவன் இடுப்பளவு தண்ணியிலை சாவானோ, திரேசம்மா? நான் ஒண்டும் சொல்லேல்லை. கேக்கிறன்."

கேட்கிறாராம். நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். எப்போதாவது நான் கதையை விட்டுவிட்டு நடந்ததை நீ கண்டிருக்கிறாயா? நீ நீந்துவது எனக்குத் தெரியும். காற்றுக்காலத்தில் வள்ளத்துக்கும் கரைக்கும் நீந்தினவன்.

அந்தச் சனி செபமாலையில் மரித்த ஆத்துமாக்களின் பேர்களைச் சொன்னபோது உன் பேர் வரவில்லை. தானாய்ச் சாவது பெரும் பாவமாம், சுவாமியாரைக் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்றார்கள். பிள்ளைகளுக்காகக் செபமாலையின் கடைசிப் பத்து மணியைப் பிரெஞ்சில் சொன்னோம். பாவிகளுக்கும் மீன்பிடிகாரருக்கும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒரே சொல் என்று உனக்குத் தெரியும்தானே. வந்த புதிதில் நான், இவர்கள் ஒவ்வொரு மணிக்கும் ஏழை மீன்பிடிகாரருக்காக மாதாவை மன்றாடுகிறார்கள், எவ்வளவு நல்ல சனம் என்று ஊருக்கு எழுதிவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு அந்தச் சொல் வந்த இடத்தில் நான் மணியை உருட்டாமல் நிறுத்திவிட்டேன். நீ இதில் எது என்று நான் எப்படிச் சொல்வது?

அதைவிடப் பெரிய இடி ஊரிலிருந்து வந்தது. அக்கா, உன் அம்மா, சுவாமியார் வீட்டுத் தொலைபேசிக்கு வந்து கதைத்தா. யாரோ ஒரு புண்ணியவாளன் அங்கேயும் சொல்லியிருக்கிறான். அழவில்லை. ஒன்றைத்தான் கேட்டா. "தங்கச்சி, எனக்கு மறைக்காதை. அவன் தானாப் போனவனோ?"

இல்லையென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? தெரியாமல் சத்தியம் பண்ணவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. திரும்ப எடுக்கிறேன் அக்கா என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு நான் தின்ற சோறு எனக்குத் தெரியாது. சூசையப்பருக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, ஒரு அடையாளம் காட்டு, எதுவென்றாலும் காட்டு என்று கேட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு றெனே வந்தார். உன் தூண்டில் தடியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரை வேருக்குள் சிக்கிக் கிடந்ததாம், போலிஸ்காரர் எடுத்து வைத்திருந்து இப்போதுதான் கொடுத்தார்களாம். அவரை உன் கதிரையில்தான் இருத்தினேன். அவருக்கு விட்டுக்கொடுப்பாய் என்று தெரியும்.

பேப்பரைப் பிரித்தேன். நூல் சிக்குப்பட்டுச் சுற்றியிருந்தது. நுனியில் பொன் கரண்டி, சிவப்புப் பொட்டுகளோடு.

மெற்றில்டாவைக் கூப்பிட்டு, இதை ஆர் கட்டினது என்று கேள் என்றேன். றெனேக்கு முதலில் விளங்கவில்லை. காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்றார். தனக்கு முன்னால் நீ செம்புக் கரண்டியைத்தான் கட்டினாய் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தான் வீட்டுக்குப் போக, நீ நடு ஆற்றுக் கல்லில் நின்றபடி, இன்னும் கொஞ்சம் நிற்கிறேன் என்று கையால் காட்டினாயாம். அவருடைய ஊரில் நல்ல வெயிலாம், மேலே மலையில்தான் மழை கொட்டியிருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவர் கரண்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

நான் எழும்பி அறைக்குள் போனேன். ஆஸ்பத்திரியில் தந்த உன் உடுப்புப் பை அலுமாரிக்கு மேலே அப்படியே இருந்தது. அதுவரைக்கும் அதைத் திறக்க எனக்குத் துணிவு இல்லை. சேட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். செம்புக் கரண்டி இருந்தது. அதன் முள்ளில் வைன் போத்தல் தக்கைத் துண்டு ஒன்று பத்திரமாய்க் குத்தியிருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து அவர்களுக்குக் காட்டினேன். "சாகப் போறவன் நெஞ்சிலை குத்துமெண்டு முள்ளுக்குத் தக்கை செருகுவானோ?"

மெற்றில்டா அதை மொழிபெயர்க்கவில்லை. றெனேக்குத் தேவைப்படவும் இல்லை. மேசையில் தலையை வைத்து அந்தப் பெரிய மனுசன் அழுதார். பிறகு சொன்னதை மெற்றில்டா ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். தண்ணீர் கலங்கினால் பொன் என்று உனக்குச் சொல்லித் தந்தது தான்தானாம். ஆனால் அது வெள்ளம் வந்து போய், தண்ணீர் வடிகிற நேரத்துக்கு. தெளிவாய் ஓடின ஆறு திடீரென்று நிறம் மாறினால், மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஊரில் சின்னப் பிள்ளையும் அதைக் கண்டால் கரைக்கு ஓடும். எல்லாருக்கும் தெரிந்த விசயம் என்பதால் உனக்கு அதைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "நாங்கள் நிறத்தைக் கண்டால் ஏறுவோம். அவன் கரண்டியை மாற்றினான்" என்றார்.

எனக்கு அப்போது எல்லாம் வெளித்துவிட்டது, ராசா. எங்கள் பக்கத்தில் மாரிகாலத்து முதல் மழைக்குக் கடலோரக் களப்புத் தண்ணீர் கலங்கினால் என்ன செய்வோம்? இறால் கரைக்கு வரும், மீனும் பின்னால் வரும். ஊரே வலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். களப்பு ஒருவரையும் அடித்துக்கொண்டு போகாது. நடு ஆற்றுக் கல்லில் நின்ற நீ தேத்தண்ணி நிறத்தில் வந்த தண்ணீரைக் கண்டு பயப்படவில்லை. சந்தோசப்பட்டிருக்கிறாய். செம்பைக் கழற்றி, தக்கை குத்தி, பொக்கற்றில் வைத்து, பொன்னைக் கட்டி எறிந்திருக்கிறாய். கல்லும் தண்ணீரும் சேர்ந்து உருட்டுகிற இடத்தில் நீச்சல் என்ன செய்யும் என்று றெனே கேட்டார். நானும் அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அந்தச் சந்தோசம் உனக்கு எவ்வளவு நேரம் இருந்தது? ஒரு எறிதலுக்காவது இருந்ததா?

அடுத்த சனி பிலோமினாக்கா வீட்டில் செம்புக் கரண்டியைத் தக்கையோடு செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவவின் தமையனும் கடலுக்குப் போய் வராதவர்தான். தக்கையைத் தொட்டுப் பார்த்தா. பிறகு உன் பேரை முதலாவதாய்ச் சொன்னா. சண்டை பிடிக்க ஆயத்தமாய்ப் போன எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அக்காவுக்கு நாள் சொல்லி வைத்து எடுத்தேன். அவவுக்கு ஒன்றையும் விளக்கவேண்டி வரவில்லை. அரைவாசியிலேயே, "கலங்கலைக் கண்டால் அவன் ஏறமாட்டான்" என்றா. பிறகு லைனில் இரைச்சல்தான் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"மீன் பட்டதோ?" என்றா.

தெரியாது அக்கா என்றேன். "பட்டிருக்கும்" என்றா. அதற்குப் பிறகுதான் அழுதா, ராசா. நீ போன நாளிலிருந்து அப்போதுதான் அழுதா. நானும் இந்தப் பக்கம் றிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காசு போகட்டும், கதை என்று சித்தப்பா கையைக் காட்டினார்.

வாற ஓகஸ்டில் றெனேயின் ஊருக்குச் செல்வம் போகிறானாம், சமையலறைப் பெடியன்கள் இன்னும் இரண்டு பேரும் போகிறார்களாம். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரயில் ஏறுமுன் ஒவ்வொருவனையும் பிடித்து நிறுத்தி, இந்த நாட்டில் ஆறு நிறம் மாறினால் அது மீன் வருகிற நேரம் இல்லை, கையிலிருக்கிறதைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஏறு என்று சொல்லுவேன். சலிக்கும்வரை சொல்லுவேன். உயிரோடு இருக்கும்வரை சொல்லுவேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

கொம்மாவின் தங்கச்சி,
உன்ரை சின்னம்மா திரேசம்மா