ஹிருகாவா தூக்கிய கை

மே 12
ஷிஹோவுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பின்னால் வந்த மீன் லாரியைக் கவனிக்காமல் ஸ்கேட்போர்டோடு சாலையில் இறங்கியிருக்கிறாள். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால்? ஐயோ, என் பொண்ணு... எழுதக்கூட முடியவில்லை. பூங்காவில் தடை, துறைமுகத்தில் தடை, நடைபாதையில் தடை. பிள்ளைகள் எங்கேதான் ஓட்டுவது?

மே 30
ஸ்கேட் பூங்கா கட்ட நகராட்சியிடம் காலி மனைகள் இருக்கின்றன. ஆனால் அக்கம்பக்கத்தார் சம்மதிக்கும் இடத்தில்தான் கட்டுவார்களாம். அதனால் பெற்றோர் நாங்கள் வீடு வீடாகப் போய், வழக்கப்படி புதுத் துண்டு கொடுத்துக் குனிந்து வணங்கிக் கேட்டோம். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். "பாவம் பிள்ளைங்க, நல்லபடியா யோசிக்கிறோம்மா" என்றார்கள்.

கடலோரக் கடைசி வீட்டு ஹிருகாவா மட்டும் துண்டைத் தொடவில்லை. "உங்க சனியன் புடிச்ச பலகைச் சத்தத்துல என் காதே போச்சு!" என்று கதவைச் சாத்தினார். போகட்டும், ஒருவர்தானே.

ஜூன் 16
குடியிருப்போர் கூட்டம். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எங்களைத் தவிர ஒரே ஒரு கை. ஹிருகாவாவின் கை!

"ஐயா... நீங்களா?"

"என் வீட்டு வாசல்லதானே தெனம் வந்து உருட்டுதுங்க? தனியா இடம் குடுத்தா தொலைஞ்சு போகும்ல!"

மற்றவர்கள் தலைகுனிந்திருந்தார்கள். அத்தனை தலைகளும் என் சலூனில் முடி வெட்டிக்கொண்டவை. நாற்காலியில் உட்கார்ந்து "கண்டிப்பா" என்றவர்கள். ஒருவேளை என் கையில் கத்தி இருந்ததால் சொன்னார்களோ?

ஜூன் 17
துண்டுகளைத் திருப்பிக் கேட்கலாமா?

ஆகஸ்ட் 3
நகராட்சியிலிருந்து அழைத்தார்கள். இடம் கிடைத்துவிட்டது. எங்களைத் தவிர சம்மதித்த ஒரே ஆள் ஹிருகாவா என்பதால், அவர் வீட்டை ஒட்டிய காலி மனை! அங்கே வேறு வீடே இல்லை.

சந்தோஷப்படுவதா, அழுவதா? அவர் மாட்டேன் என்றால் ஷிஹோ மறுபடி லாரிகளுக்கு நடுவில்தான்.

ஆகஸ்ட் 4
நானே போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. காலி மனைப் பக்கம் திரும்பினார்.

"ஊரே பாக்கத் தூக்கின கை. இப்போ எறக்கினா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய போறது?" என்றார். பிறகு, "இருட்டினப்புறம் சத்தம் கேட்டுச்சுன்னா, பலகையெல்லாம் அடுப்புக்குத்தான் போகும், சொல்லிட்டேன்!"

வணங்கிவிட்டு ஓடி வந்தேன்.

மார்ச் 20
திறந்தாயிற்று. ஷிஹோ முதல் ஆளாக இறங்கினாள். ஹிருகாவா வீட்டில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. குற்ற உணர்வாக இருக்கிறது.

ஜூன் 24
பாதிச் சவரத்தில் சலூன் போன் அடித்தது. ஹிருகாவா.

"ஏம்மா, இன்னிக்கு ஒரு சத்தத்தையும் காணோம்? உன் பொண்ணு மறுபடி எங்கயாச்சும் விழுந்துட்டாளா?"

சவரக் கத்தியைக் கீழே வைத்தேன். "இல்லைங்கய்யா. பள்ளிக்கூடத்துல பரீட்சை. மூணு நாளைக்கு யாரும் வர மாட்டாங்க."

"மூணு நாளா?"

அந்தக் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர், போனில் யாரென்று என்னிடம் கேட்டார். ஹிருகாவா என்றேன். அவர் நம்பவில்லை.