எஸ்தர் கை வைத்த பெட்டி

மாப்ள,

இன்று காலை திருமங்கலத்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தார். "அண்ணே, ஃபேன் போடுற சத்தத்துல மனுசன் பக்கத்துல உக்கார முடியல. என்னன்னு பாருங்க" என்றார். சுவிட்சைப் போட்டேன். முதலில் ஓர் உறுமல், பிறகு கடகடவென்று ஓர் ஆட்டம், அதன்பின் ஒரே சீரான முனகல். கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "பெரிய கோளாறாண்ணே?" என்று பயந்துபோய்க் கேட்டார். ஒன்றுமில்லை, சாயங்காலம் வாங்க என்று அனுப்பிவைத்தேன்.

வில்லாபுரத்தில் உன் வீட்டு மாடி அறையில் இருந்த பெட்டியும் இப்படித்தான் கடகடக்கும். நீ எழுத்தராக இருந்த மிஷன் பள்ளியில் கழித்துக்கட்டிய பெட்டி அது. சைக்கிள் கேரியரில் கட்டி என் கடைக்குக் கொண்டுவந்து, "இதுக்கு உசுரு குடுடா. எம்மவளுக்கு" என்றாய். எஸ்தருக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு சொல் பேசவில்லை. பசித்தாலும் அழுகை, வலித்தாலும் அழுகை. எது எதற்கு என்று கண்டுபிடிப்பதிலேயே உங்கள் இருவரின் நாளும் போகும்.

நான் சிரித்தேன். "ஆறு வயசுப் பிள்ளைக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு? அதுவும் புரோகிராமு?" உன்னிடம் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், முதலில் பேச்சு வரட்டும், மற்றதெல்லாம் பிறகு என்று. நீ கோபப்படவில்லை. "பேச்சு வர்ற வரைக்கும் அவ எதுலடா பேசுவா?" என்று மட்டும் கேட்டாய். நான் பெட்டியைத் திறந்தேன்.

வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் ஒரு வாத்து நடக்கும். சிவப்பு என்றால் நட, பச்சை என்றால் திரும்பு, மஞ்சள் என்றால் நில். அவ்வளவுதான் புரோகிராம். வாத்து போய்ச் சேருவதற்கு நீயே படம் வரைந்து ஏற்றினாய்: ஒரு தண்ணீர்ப் பானை, ஒரு தட்டு, ஒரு கட்டில், பாத்ரூம் கதவு. உன் தட்டு நிலாபோல இருக்கிறது என்று உன்னை ஓட்டினேன். அவனியாபுரத்திலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் அம்மாக்களோடு சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கினார்கள். மூன்று பிள்ளைகள், ஒரு பெட்டி, நீ, நான்.

உட்காருவதற்கு முன்னால் எஸ்தர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கடகடப்பு அடங்கி முனகல் சீராகும்வரை கையை எடுக்கமாட்டாள். எனக்கோ கை அரிக்கும். பத்து நிமிட வேலை. ஃபேனை மாற்றினால் சத்தமே இருக்காது. ஒருமுறை திருகாணியில் கை வைத்தும்விட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "அதுல கை வைக்காத மாப்ள. எம்மவ மிஷினுக்குத் தோத்திரம் சொல்லிட்டிருக்கா."

நான்கு மாதம் வாத்து சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. அதன்பின் ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை, எஸ்தர் வாத்தைப் பானை வரைக்கும் நடக்கவிட்டு நிறுத்தினாள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்தோம். மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறை ஓட்டிவிட்டு உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ திரையைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். "டேய், தண்ணி கேக்குறாடா! எம்மவ தண்ணி கேக்குறா!" படிக்கட்டில் நீ இறங்கவில்லை, விழுந்தாய். செம்பு நிறையக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியைச் சட்டையில் கொட்டியிருந்தாய். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

அதற்குப் பிறகு தட்டு, பாத்ரூம் கதவு எல்லாம் கேட்டாள். ஒருநாள் காலையிலேயே வாத்தைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் திரையை விட்டு நகரவே இல்லை. தொட்டுப்பார்த்தால் காய்ச்சல். அவளாகச் சொன்ன முதல் காய்ச்சல் அது. "இனி நான் செத்தாலும் கவலையில்லடா" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய்.

மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவே இல்லை. அடுத்து நடந்ததை உன்னிடம் நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உன் மனைவி என்றாலும் எனக்குத் தங்கச்சிதானே, அவள் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

நீ போன நாற்பதாம் நாள் ஜெபத்தை ஒட்டி, தங்கச்சியை எஸ்தரோடு சேர்த்து அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில், உன் பேருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதான். மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று புதுக் கம்ப்யூட்டர் வைத்தேன். வாத்து, பானை, நிலாபோன்ற தட்டு, எதையும் விடாமல் ஏற்றினேன். சத்தமே இல்லாத மிஷின்கள் மாப்ள. அதில் எனக்கு எவ்வளவு பெருமை! பழைய பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். நீ மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய கை இதேதான். ஒரு நொடிகூட ஞாபகம் வரவில்லை.

எஸ்தர் வந்தாள். பெட்டி இருந்த இடத்தில் கையை நீட்டினாள். அங்கே வெறும் மேஜை. புதுத் திரையைத் தடவினாள், மேஜையின் அடியில் குனிந்து பார்த்தாள், சுவரில் காதை வைத்தாள். அதன்பின் அலறினாள். அலறிக்கொண்டே தலையை மேஜையில் மோதிக்கொண்டாள். அவனியாபுரத்துப் பிள்ளைகள் இரண்டும் புது மிஷினில் குஷியாக உட்கார்ந்திருந்தன. அடுத்த வாரம் எஸ்தர் படியேறவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

பழைய இரும்புக் கடையில் தேடினேன். உடைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதே மாதிரிப் பெட்டியையும் அதே மாதிரி ஃபேனையும் தேடிப்பிடித்து, இறக்கையை லேசாக வளைத்து, காதால் கேட்டுக் கேட்டுக் கடகடப்பை வரவழைத்தேன். சத்தத்தைச் சரிசெய்தே வயிறு வளர்த்தவன், சத்தம் உண்டாக்க மூன்று வாரம் உழைத்தேன். எஸ்தரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தோம். உள்ளங்கையை வைத்தாள். நிதானமாகக் கையை எடுத்து, பாவாடையில் துடைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

இரண்டு வருடம் ஆகிறது. ஃபோனில் காட்டினோம், அட்டையில் படம் வரைந்து நீட்டினோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போன மாதம் இரண்டு நாள் விடாமல் அழுதாள். தங்கச்சி சோறு கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், ஜெபம் பண்ணினாள். மூன்றாம் நாள் கன்னம் வீங்கியபிறகுதான் சொத்தைப் பல் என்று தெரிந்தது. "நீங்க நல்லதுதாண்ணே நெனச்சீங்க" என்றாள் தங்கச்சி. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போதும் சனிக்கிழமை பத்து மணிக்குப் போகிறேன். அந்தப் போலிப் பெட்டியைக் கீழே கூடத்தில் வைத்திருக்கிறோம். எஸ்தர் அடுப்படி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நானே கட்டங்களைப் பொருத்தி வாத்தைப் பானை வரைக்கும் நடத்துவேன். தங்கச்சி ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கையில் கொடுப்பாள். அவளும் குடிப்பாள்.

தாகத்துக்குக் குடிக்கிறாளா, கையில் கொடுத்ததால் குடிக்கிறாளா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த வீட்டில் ஒரு வழி இருந்தது. அதை என் கையாலேயே தூக்கிப் போட்டேன் மாப்ள.

சாயங்காலம் மண்டிக்காரர் வந்துவிடுவார். இன்னும் அவர் பெட்டியை நான் திறக்கவில்லை. வந்ததும், "வீட்டுல யாருக்காவது இந்தச் சத்தம் வேணுமாண்ணே?" என்று கேட்பேன். சிரிப்பார். எல்லோரும் சிரிக்கிறார்கள். கேட்காமல் இப்போது நான் ஒரு திருகாணியையும் கழற்றுவதில்லை.