எட்டு விநாடி கூடுதல்

செஞ்சி
9-2-2025

மீனம்பாளுக்கு, உன் வீட்டுக்காரன் பச்சமுத்து எழுதுவது. நான் சுகம். மாடும் சுகம்.

இதை நானே எழுதுகிறேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சத்தியமாக. மூன்று நாளாக எழுதுகிறேன். முதியோர் வகுப்பு டீச்சர் அமிர்தவல்லி பின்கோடு மட்டும் சரிபார்த்தது. உறையின் மேல் உன் பெயரையும் நானேதான் எழுதினேன். நாற்பத்து நான்கு வருஷத்தில் உன் பெயரை நான் வாயால்கூடச் சொன்னதில்லை. நன்றாகவே வந்திருக்கிறது. பார்த்திருப்பாய்.

இப்போது பஸ் ஸ்டாண்டில் போர்டுகளை நானே படிக்கிறேன். திண்டிவனம். மேல்மலையனூர். திருவண்ணாமலை, வழி கீழ்பென்னாத்தூர். ஏறுகிற வேலை இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். டீக்கடை பாண்டுரங்கன், "இன்னா நைனா, தெனம் எந்த ஊருக்குப் பொறப்படற?" என்று கேலி செய்கிறான். செய்யட்டும்.

தீபாவளிக்கு ஒரு மாசம் என்று சொல்லி மகன் ஆனந்தன் வீட்டுக்குப் போனாய். பொங்கலும் போய்விட்டது. போனில் கேட்டால் உடனே பேத்தி கையில் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். எப்போது வருகிறாய்? மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்க ஆள் இல்லை. கடலைச் செடியே தெரியாமல் களை மண்டிக் கிடக்கிறது.

ஆனந்தன் சிக்னல் விளக்குக்கு நேரம் வைக்கிறான் என்கிறாய். அது ஒரு வேலையா? நம் கூட்டு ரோட்டில் மஞ்சள் விளக்கு நாள் பூராவும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கு யாரும் நேரம் வைக்கவில்லை. ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பதில் போடு. பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு
க. பச்சமுத்து


பெங்களூரு
20-2-2025

ஆனந்தனின் நைனாவுக்கு மீனம்பாள் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பிழை குறைவு. ஆனால் என் பெயரை அவ்வளவு பெரிதாகவா எழுதுவது? வாட்ச்மேன் கேட்டில் நின்று, "மீனம்பாள் யாரு, மீனம்பாள் யாரு" என்று நாலு மாடிக்கும் கேட்கக் கூவினான். மானம் போயிற்று.

பிள்ளையின் வேலையைக் கேலி பண்ணாதீர்கள். அவன் கம்பெனி வளாகத்துக்குள் பெரிய ரோடு இருக்கிறது. அதில் டிரைவர் இல்லாத கார்களும் டிரைவர் ஓட்டுகிற கார், பைக்குகளும் கலந்து போகின்றன. டிரைவர் இல்லாத கார் பச்சை விழுந்த அந்த நொடியே கிளம்பிவிடும். மனுஷன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால்தான் நகருவான். முன்னால் நிற்பது எது என்று பார்த்து, எந்தப் பக்கம் எத்தனை விநாடி பச்சை எரிய வேண்டும் என்று இவன் கணக்குப் போட வேண்டும். தினமும் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். "மெஷின் சொன்ன பேச்சு கேக்குதும்மா, மனுஷனுங்கதான் உயிர எடுக்கறானுங்க" என்கிறான்.

நான் வருவது இருக்கட்டும். மருமகள் கலைவாணி காலை எட்டு மணிக்கே ஆபீஸ் போய்விடுகிறாள். பேத்தி ஸ்ரீநிதிக்கு மார்ச்சில் பரீட்சை. முடியட்டும், பார்க்கலாம்.

வெந்நீரில் குளியுங்கள்.

மீனம்பாள்


செஞ்சி
6-4-2025

மீனம்பாளுக்கு,

ஸ்ரீநிதிக்குப் பரீட்சை முடிந்து பத்து நாள் ஆயிற்று. எனக்கும் பரீட்சை முடிந்துவிட்டது. வகுப்பில் நான்தான் இரண்டாவது. முதலாவது வல்லத்துக் கிழவி ஒருத்தி. அவளுக்குக் கண்ணாடி இருக்கிறது, எனக்கு இல்லை.

நேற்று போனில் பேத்தி உன்னைப் பற்றி என்ன சொல்லிற்று தெரியுமா? "தாத்தா, ஆயா தெனம் ரோட்ல நடக்குற வேலைக்குப் போவுது" என்றது. அது என்ன வேலை? என்னிடம் பேத்திக்குப் பரீட்சை, மருமகளுக்கு ஆபீஸ் என்று எழுதினாய். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில்தான் ஏமாற்றினாய் என்றால் இப்போதுமா?

இங்கே நான் சோறு வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டு நிற்கிறேன். மல்லாட்டை பிடுங்குகிற நாள் வந்துவிட்டது. உள்ளதை எழுது. எப்போது வருகிறாய், தேதி போட்டு எழுது.

க. பச்சமுத்து


பெங்களூரு
15-4-2025

ஆனந்தன் நைனாவுக்கு,

உள்ளதைக் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள் ஆனந்தனுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். வளாகத்து ரோட்டில், நம் ஊரில் செய்வதுபோலக் கையை நீட்டிக்கொண்டு குறுக்கே நடந்தேன். டிரைவர் இல்லாத கார் பத்தடி தள்ளியே கப்பென்று நின்றது. அதன் பின்னால் இன்னொன்று நின்றது. ஏன் நின்றது என்று தெரியாமல், பைக் ஓட்டி வந்த ஒருவன் பக்கத்தில் புகுந்து வந்தான். என் முந்தானையை உரசிக்கொண்டு போனான். ஆனந்தன் ஓடி வந்தான்.

"யம்மா! வெளக்குல பச்ச பொம்ம வந்தா நடக்கணும்மா!"

"கைய காட்னா நிக்கமாட்டானா?"

"உள்ள ஆளே இல்லம்மா, யாருக்குக் கைய காட்ற?"

அவனுடைய மேலதிகாரி விஷ்ணு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிக் கையை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் கணக்கிலேயே இல்லையே என்று சொன்னாராம். அன்றிலிருந்து அவர் கேட்டுக்கொண்டபடி நானும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேரும் தினம் காலையில் போகிறோம். பையோடு, குடையோடு, பிள்ளையோடு, நாற்பது தடவை ரோட்டைத் தாண்டுகிறோம். தாண்ட எத்தனை விநாடி ஆகிறது என்று அவர்கள் அளக்கிறார்கள்.

நடக்கிறவர்களுக்கான விளக்கு முன்பு பதினெட்டு விநாடி எரிந்தது. என் முட்டி வலிக்குப் பாதி ரோட்டிலேயே அணைந்துவிடும். இப்போது இருபத்தாறு விநாடி. என் காலுக்காக எட்டு விநாடி கூட்டியிருக்கிறார்கள். அத்தனை வண்டியும் நிற்கிறது. நான் நடந்து முடிக்கும்வரை நிற்கிறது.

உங்களுக்குக் கோபம் வந்தாலும் வரட்டும், எழுதிவிடுகிறேன். திருவண்ணாமலை ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் நீங்கள் முதலில் போய்விடுவீர்கள். அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாம்மே, இன்னா பாத்துக்னு நிக்கிற" என்று கத்துவீர்கள். நடுவில் லாரி. என் கையில் பை. கடைக்காரர்கள் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு தடவைகூட நீங்கள் நின்றதில்லை.

எப்போது வருகிறாய் என்று இனிக் கேட்காதீர்கள். வேண்டும்போது வருவேன். வேறு ஏதாவது கேளுங்கள்.

மீனம்பாள்


செஞ்சி
11-5-2025

மீனம்பாளுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். அமிர்தவல்லி டீச்சர் படித்துச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே, "பொய், பொய்" என்று சண்டை போட்டிருப்பேன். தனியாகப் படித்ததால் சண்டை போட ஆள் இல்லை. மறுபடியும் படித்தேன்.

முதலில் அந்த பைக் ஓட்டினவன் மேல் கோபம் வந்தது. ஜனவரியில் நடந்ததை ஏப்ரலில் சொல்கிறாயே என்று உன் மேலும் வந்தது. ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். நல்ல தாள் வீணாயிற்று.

மறுநாள் கூட்டு ரோட்டுக்குப் போனேன். வெயிலில் நின்றேன். போலீஸ்காரர் செல்லப்பன், "பெரியவரே, இன்னா வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணா சார், பாத்துக்னு இருக்கேன்" என்றேன். நான் நின்றபோது புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்கள் பதினொரு ஜோடி. அதில் ஒன்பது ஆம்பளைகள் முதலில் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று கத்தினார்கள். ஒருவனை எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, அந்தம்மா அங்கியே நிக்குது, நீ எங்க ஓடற?" என்று கேட்டேன். "உனக்கு இன்னா, பெருசு?" என்றான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மல்லாட்டை பிடுங்கியாயிற்று. விளைச்சல் சுமார். சோறு இப்போது குழைவதில்லை.

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. வேறு ஏதாவது கேள் என்றாய். நாலு நாள் யோசித்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. உன்னிடம் நான் சோறு ஆயிற்றா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா, இவற்றைத் தவிர வேறு என்ன கேட்டிருக்கிறேன்? பிறகு முட்டி வலி என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. நீ நடப்பதை நினைத்துப் பார்த்தேன். எந்தக் கால் என்று தெரியவில்லை. எவ்வளவு நினைத்தும் தெரியவில்லை.

எந்த முட்டி வலிக்கிறது? இடதா, வலதா?

போனில் சொல்லாதே. எழுது.

க. பச்சமுத்து